துரைப்பாண்டியின் லீவு

இடுப்புக்குக் கீழே, வால் எலும்புக்கு நான்கு விரல் மேலே வலித்தது. ஆணியை அடித்து அங்கேயே விட்டுவிட்ட மாதிரி வலி. நியாஸ் அகமது தரையில் பாயைப் போட்டு மல்லாந்து கிடந்தான். இடது காலை மடக்கினால் வலி தொடை வழியாக இறங்கிக் கெண்டைக்கால்வரை ஓடியது. நீட்டினால் இடுப்பிலேயே நின்றது. பக்கத்து வீட்டு விசைத்தறி ஆறு மணிக்கே ஓடத் தொடங்கிவிட்டது. அதன் அதிர்வு தரை வழியாக வந்து முதுகைத் தொட்டது.

"ஒத்தடம் குடுத்தாச்சு, தைலம் தேச்சாச்சு. இனி என்ன, புரோட்டா மாவு மாதிரி அடிச்சுப் பெசையவா?" என்றாள் பாத்திமா ஹனா. அவன் மனைவி. கையில் உப்பு மூட்டை ஆறிப்போயிருந்தது.

"ஏட்டி, சும்மா கெட."

"திருநெல்வேலி டாக்டரு என்ன சொன்னாரு? எலும்புல கீறல் இருக்கு, ஆறு வாரத்துக்குப் பந்தையும் தொடக்கூடாது, பாரமும் தூக்கக்கூடாதுன்னாரு. அந்த ரெண்டையும் செய்யத்தான் நீங்க வியாழக்கிழம பிளேன் ஏறுதீய."

அவள் சொன்னதில் தவறு இல்லை.

நியாஸுக்கு முப்பத்துமூன்று வயது. வளைகுடாவில் ஒரு சிறிய நாட்டில் பத்து வருடமாகக் குளிர்கிடங்கு வேலை. மைனஸ் பதினெட்டில் உறைந்த கோழி அட்டைப்பெட்டிகளை இறக்கி அடுக்க வேண்டும். அதே நாட்டின் தேசியக் கிரிக்கெட் அணியில் அவன் இடதுகை வேகப்பந்து வீச்சாளன். இதுவரை பதினான்கு ஆட்டம். அந்த அணியில் எல்லாரும் அப்படித்தான். கேப்டன் மருந்துக்கடையில் நிற்கிறவன். முதலில் இறங்குகிறவன் டாக்சி ஓட்டுகிறவன். சில வருடம் அங்கேயே குடியிருந்து பிழைத்தால் அந்த நாட்டுக்கு ஆடலாம். போர்டு சட்டை தரும், ஷூ தரும், ஆட்டம் நடக்கிற நாள்களில் சோறும் பேட்டாவும் தரும். லீவை மட்டும் அவரவர் கம்பெனியில் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

நியாஸின் சூப்பர்வைசர் கெட்டவன் இல்லை. அரசு முத்திரை போட்ட போர்டு கடிதத்தைப் பார்த்து மகிழ்ந்து சுவரில் ஒட்டி வைத்தான். ஆனால் ஒன்று சொன்னான். லாரி வரும்போது உன் இடத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். யார் நின்றாலும் எனக்குச் சரி.

துரைப்பாண்டி நின்றான். குருவிகுளத்துக்காரன், நாற்பத்தாறு வயது, அதே அறையில் மேல்கட்டில். காலை ஆறு முதல் இரண்டுவரை தன் ஷிப்டு. பிறகு ஒரு டீ குடித்துவிட்டு நியாஸின் கோட்டைப் போட்டுக்கொண்டு பத்து மணிவரை நியாஸின் ஷிப்டு. வருகைப் பதிவேட்டில் நியாஸின் பெயருக்கு நேராகக் கையெழுத்தும் அவனே போட்டான். சம்பளம் நியாஸுக்கு வந்தது. அதற்குத் துரைப்பாண்டி காசு கேட்கவில்லை. "என் மவ கல்யாணத்துக்கு நான் ஊருக்குப் போவும்போது நீ ரெண்டு ஆளு வேலையும் பாரு. அதுல சரியாப் போயிரும்" என்றான். இரண்டு வருடத்தில் அப்படி நாற்பத்தொரு ஷிப்டு ஆகியிருந்தது.

இப்போது மகள் காவியாவுக்குக் கல்யாணம் வைத்தாகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறு ஞாயிறு. அந்தக் கிடங்கிலிருந்து ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஊருக்குப் போகலாம்; இப்போது லீவில் வந்திருப்பது நியாஸ். நியாஸ் வியாழக்கிழமை கிளம்பி வெள்ளிக்கிழமை வேலையில் நின்றால் சனிக்கிழமை துரைப்பாண்டி விமானம் ஏறலாம்.

ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. முகம்மது அப்சல். கடையநல்லூர்க்காரன், அந்த நாட்டில் கிளப்புகளுக்கு ஆட்டக்காரர்களைப் பிடித்துக்கொடுப்பது அவன் தொழில்.

"என்ன வே, தூங்குதீரா? அதிர்ஷ்டம் வந்து கதவத் தட்டுது."

"வே, விசயத்தச் சொல்லும்."

விசயம் இதுதான். அந்த நாட்டில் புதிதாக ஒரு ஃபிரான்சைஸ் லீக் தொடங்குகிறது. ஆறு அணிகள், உலகம் முழுவதிலிருந்தும் ஆட்டக்காரர்கள். ஒவ்வொரு அணியிலும் அந்த நாட்டு தேசிய அணி ஆட்கள் இரண்டு பேர் இருந்தாக வேண்டும் என்பது விதி. ஓர் அணியில் ஒருத்தனுக்குக் கை முறிந்துவிட்டது. அந்த இடம் காலி.

"மூணு வாரம். பெஞ்சுல உக்காந்து தண்ணி பாட்டிலு தூக்குனாலும் காசு வந்துரும். நீரு அந்த ஐஸ் பெட்டிக்குள்ள ரெண்டு வருசம் நின்னு சம்பாதிக்கிற காசு."

"எப்ப வரணும்?"

"வார திங்கக்கிழம."

"அன்னைக்குத்தான வே நேஷனல் கேம்ப் தொடங்குது. உலகக் கோப்பைக்கு குவாலிபயர் இருக்குல்லா. கேம்புக்கு வராதவன எடுக்கமாட்டோம்னு கோச்சு மெயில் போட்டிருக்கான். வாரேன்னு நானும் பதில் போட்டுட்டேன்."

"போடட்டும். குவாலிபயர்ல ஜெயிச்சா உமக்கு என்ன தருவான்? இன்னொரு சட்டை. உம்ம வயசுக்கு இனிமே ஒருத்தனும் போன் போடமாட்டான் வே. மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள சொல்லும். இல்லன்னா ஒரு பாகிஸ்தான்காரப் பையன் ரெடியா நிக்கான்."

போனை வைத்த பிறகு நியாஸ் கூரையைப் பார்த்துக் கிடந்தான். தேசிய அணியில் ஆடியிருக்காவிட்டால் அப்சலுக்கு அவன் பெயரே தெரிந்திருக்காது. புரியாத பாஷையில் தேசிய கீதம் பாடும்போது நெஞ்சில் கை வைத்து நின்ற பதினான்கு தடவையும் மயிர் சிலிர்த்தது உண்மை. ஆனால் முதுகில் இன்னும் எத்தனை ஓவர் மிச்சம் இருக்கிறது என்று அவனுக்கு ஏறக்குறையத் தெரியும். இருபது இருக்கலாம். குவாலிபயரில் அதை மூன்றே நாளில் தின்றுவிடுவார்கள். லீக்கில் பெஞ்சில் உட்கார்ந்தால் ஒன்றும் செலவாகாது.

பதினோரு மணிக்கு வாசலில் குரல் கேட்டது.

"நியாஸ் தம்பி வீடு இதான?"

துரைப்பாண்டியின் மனைவி வள்ளித்தாய். குருவிகுளத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். செருப்பில் கரிசல் மண் அப்பியிருந்தது. தோளில் தொங்கிய பையில் கத்தை கத்தையாக அழைப்பிதழ். நியாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"எந்திரிக்காதீய தம்பி. பந்து போட்டுப் போட்டு இடுப்பு போச்சுன்னு அவுக சொன்னாக."

பையிலிருந்து தட்டை எடுத்து வெற்றிலை, பாக்கு, ஒரு முழம் பிச்சிப்பூ, அழைப்பிதழ் எல்லாம் வைத்து இருவரிடமும் நீட்டினாள். ஹனா வாங்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். வள்ளித்தாய் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"பஸ்ஸுல கண்டக்டரு சொல்லுதான், சங்கரன்கோவில் ஆளு ஒருத்தரு டிவில வாராரு, பந்து போடுதாருன்னு. இந்தியாவுக்கான்னு கேட்டேன். இல்ல, அந்த நாட்டுக்குன்னான். ஏன் தம்பி, அங்க உள்ளவுகளுக்கு வெளாடத் தெரியாதா?"

ஹனா சிரித்துவிட்டாள். "அவங்களுக்கு எங்கக்கா நேரம்? பெட்டி தூக்க, ரோடு போட, வெளாட எல்லாத்துக்கும் நம்ம ஆளுவதான்."

"நல்லா இருக்கே கத. கூலிக்கு ஆளு புடிச்சுக் களை வெட்டுத மாதிரில்லா இருக்கு."

நியாஸும் சிரித்தான். சிரித்தபோது இடுப்பு சுரீரென்றது.

வள்ளித்தாய் அழைப்பிதழைப் பிரித்து விரலால் காட்டினாள். "அவுக பேர இங்கன பெருசாப் போடச் சொன்னேன். அவுகளப் பாத்து நாலு வருசம் ஆச்சு. கடைசியா வந்தப்ப காவியா பதினொண்ணு படிச்சா. மாப்பிள்ளைய போன்லதான் பாத்திருக்காக. என் தம்பி இசக்கித்துரை சொல்லுதான், அத்தான் வராட்டா நான் தாரை வாத்துக் குடுக்கேன்னு. வாய மூடுலன்னு சொன்னேன். பெத்தவன் உசுரோட இருக்கும்போது நீ யாருலன்னு கேட்டேன்."

டீயை வாங்கி இரண்டு மடக்கில் குடித்தாள்.

"வியாழக்கிழம நீங்க ஏறிருவீய. வெள்ளிக்கிழம நீங்க வேலைக்கு நின்னா சனிக்கிழம அவுக ஏறிருவாக. தெனமும் விரல மடக்கிக்கிட்டு இருக்கேன். சரிதான தம்பி?"

"சரிதான்க்கா."

அந்த நேரம்வரை அவன் அப்சலுக்குப் பதில் சொல்லியிருக்கவில்லை. ஆகவே தான் பொய் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

அவள் போனதும் அப்சலைக் கூப்பிட்டான். வருகிறேன் என்றான். அப்சல் இரண்டு காரியம் சொன்னான். ஒன்று, முதுகு ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்ப வேண்டும், சும்மா ஒரு சம்பிரதாயம். இரண்டு, டீம் ஓனரின் கம்பெனி விசாவுக்கு மாற வேண்டும். அதற்குப் பழைய கம்பெனியில் ராஜினாமா செய்து கடிதம் இன்றைக்கே வேண்டும்.

ராஜினாமா என்றதும் நியாஸுக்குத் துரைப்பாண்டியின் முகம் வந்தது. ஆனால் அவன் கணக்கு வேறாக இருந்தது. பத்து வருடத்தில் அவன் அறையில் ஏழு பேர் கம்பெனி மாறியிருக்கிறார்கள். கம்பெனிக்காக அரசு அலுவலகங்களில் அலைகிற மந்தூப் கடிதத்தை வாங்கி மேஜையில் போடுவான். பத்து நாள் கழித்து எடுப்பான். முத்திரை விழாது. மறுபடி போவான். விசா ரத்தாக ஒருவனுக்கு முப்பத்தேழு நாள் ஆனது. துரைப்பாண்டிக்கே பழைய கம்பெனியில் இரண்டு மாதம் இழுத்தது. ஒரு மாதத்துக்குக் குறைந்து யாருக்கும் முடிந்ததில்லை. ஆகவே இன்றைக்குக் கடிதம் கொடுத்தாலும் வெள்ளிக்கிழமை பழைய விசாவிலேயே போய் வேலையில் நிற்கலாம். சனிக்கிழமை அண்ணாச்சி கிளம்பிவிடுவார். திங்கட்கிழமை இவன் லீக்குக்குப் போய்விடலாம். கிடங்கில் ஆள் குறைந்தால் சூப்பர்வைசர் பாடு. நாற்பத்தொரு ஷிப்டை எப்படித் திருப்புவது என்பதை லீக் முடிந்து யோசித்துக்கொள்ளலாம்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெயசிங் வைத்திருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனான். நடந்து போக இருபது நிமிடம். வழியில் மூன்று இடத்தில் நின்றான்.

"ராஜினாமாவா அண்ணாச்சி?" என்றான் ஜெயசிங், டைப் அடித்துக்கொண்டே. "பெரிய எடமோ?"

"பெரிய எடந்தான்."

"அப்பம் எங்கள எல்லாம் மறந்துருவீரு."

கையெழுத்துப் போட்டான். ஜெயசிங் அதை ஸ்கேன் செய்து கம்பெனிக்கும் அப்சலுக்கும் அனுப்பினான். முதுகு ரிப்போர்ட்டாகப் போன வருடம் எடுத்ததை அனுப்பச் சொன்னான். அதில் எலும்பு சுத்தமாக இருந்தது. தேசிய போர்டுக்கு, முதுகு வலி, கேம்புக்கு வர இயலவில்லை என்று நான்கு வரி. மணி ஒன்றேகால்.

ஐந்தேகாலுக்குத் துரைப்பாண்டி கூப்பிட்டான்.

"ஏலே நியாஸ், என்னல நடக்கு?"

"என்ன அண்ணாச்சி?"

"மந்தூப் வந்து உன் லாக்கர் சாவியக் கேக்கான். உன் விசாவக் கேன்சல் அடிச்சாச்சு, உன் பேரு கம்பெனியில இல்லங்கான். நான் சிரிச்சேன். ஒரு லெட்டரக் காட்டுனான். உன் கையெழுத்துதான். எனக்குத் தெரியாதால உன் கையெழுத்து? நாப்பத்தொரு தடவ நானே போட்டிருக்கேன்லா."

நியாஸ் சுவரில் சாய்ந்தான்.

"சூப்பர்வைசரு என் லீவு பேப்பரத் திருப்பி வாங்கிட்டான். ஒரு ஆளு வேலைய விட்டுட்டான், நீயும் போனா லாரிய யாரு எறக்குவாங்கான். புது ஆளு வர ரெண்டு மாசமாம். பாஸ்போர்ட்டக் கேட்டேன். கல்யாணத்த வீடியோவுல பாத்துக்கோங்கான்."

"அண்ணாச்சி..."

"சனிக்கிழமக்கு அப்புறம் அந்த லெட்டரக் குடுத்திருக்கலாம்லால."

"ஒரு மாசம் இழுக்கும்னு நெனச்சேன் அண்ணாச்சி. நம்ம ஆளுவ எல்லாருக்கும் அப்படித்தான இழுத்துச்சு."

"நமக்கு இழுக்கும். டீம் மொதலாளிக்கு இழுக்குமால?"

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நியாஸ் ஏதாவது பதில் சொல்லியிருப்பான். பின்னால் லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது. யாரோ துரைப்பாண்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"வள்ளிகிட்ட நீ சொல்லாத. நான் சொல்லிக்கிடுதேன்" என்று வைத்துவிட்டான்.

நியாஸ் சூப்பர்வைசரை ஏழு தடவை கூப்பிட்டான். எட்டாவது தடவை எடுத்தான். கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், வேலைக்கு வருகிறேன் என்று நியாஸ் தனக்குத் தெரிந்த இந்தியில் கெஞ்சினான். விசா ரத்தாகிவிட்டது, இனி நீ உள்ளே வர என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றான் சூப்பர்வைசர். சுவரில் ஒட்டியிருந்த போர்டு கடிதத்தைக் கிழித்துவிட்டேன் என்றும் சொன்னான்.

"டீம் ஓனரு ஒரு போன் போட்டாருன்னா போதும் வே" என்று அப்சலிடம் சொன்னான். "பதினஞ்சு நாளைக்கு அண்ணாச்சிய மட்டும் விடச் சொல்லும்."

"ஓனரு ஒரு கோழி கெடங்குக்குப் போன் போடணுமா? நீரு நல்லா இருக்கீரு வே."

புதன்கிழமை காலை அப்சலே கூப்பிட்டான். ரிப்போர்ட்டில் போன வருடத் தேதி இருக்கிறதாம், புதிது வேண்டுமாம். ஹனா பீரோவிலிருந்து திருநெல்வேலி ஸ்கேனை எடுத்துவந்து அவன் மடியில் போட்டாள். அனுப்பினான். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

"அஞ்சாவது எலும்புல கீறல வச்சிக்கிட்டு என்கிட்ட சொல்லலியே வே. என் பேரையும் கெடுத்துட்டீரு. அந்தப் பையன எடுத்துட்டாங்க."

"அப்ப என் விசா?"

"எந்த விசா?"

மீதி இருந்தது தேசிய அணி. மருந்துக்கடையில் நிற்கிற கேப்டனைக் கூப்பிட்டான். கேப்டன் நல்ல மனிதன், நியாஸை விட இரண்டு வயது மூத்தவன். கடையில் கூட்டம் இருந்தது, யாருக்கோ மாத்திரை எண்ணிக்கொண்டே பேசினான். நீ லீக்குக்குப் போக முதுகு வலி என்று எழுதினாய் என்று போர்டுக்குத் தெரிந்துவிட்டது. அதைக்கூட நான் பேசிச் சரிக்கட்டுவேன். ஆனால் குடியிருப்பு விசா இல்லாதவன் இந்த நாட்டுக்கு ஆட முடியாது. ஓய்வெடு, தம்பி.

வியாழக்கிழமை விமானம் அவன் இல்லாமல் போனது.

அதன்பிறகு பத்து நாள் நியாஸ் தெருவில் இறங்கவில்லை. தறிச் சத்தத்தில் காதை வைத்துக்கொண்டு கிடந்தான். ஹனா அவனுக்குச் சோறு போட்டாள், ஒத்தடம் கொடுத்தாள், கேள்வி கேட்கவில்லை. ஒரே ஒருநாள், துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "அண்ணாச்சி, அப்சல், கோச்சுன்னு மூணு பேரு கூப்பிட்டாங்க. மூணு பேருக்கும் வாரேன்னு சொன்னீய" என்றாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் ராஜபாளையம் ரோட்டில் ஒரு மண்டபத்தில். ஹனா வரமாட்டேன் என்றுவிட்டாள். "அந்தக்கா மொகத்த எப்படிப் பாக்க?" நியாஸ் சட்டைக்குள் இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் போனான். ஏன் போனான் என்று அவனுக்கே தெரியவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை.

தாலி கட்டி முடிந்திருந்தது. மேடையில் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் இசக்கித்துரை பட்டு வேட்டியில் நின்றான். காவியாவின் கண் வீங்கியிருந்தது. போட்டோக்காரன் அவளைச் சிரிக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனான். வீடியோ கால் வரவில்லை. கிடங்குக்குள் போன் எடுக்காது, ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பெரிய லாரி வரும் என்று நியாஸுக்குத் தெரியும்.

இசக்கித்துரை மேடையிலிருந்து இறங்கி நேராக அவனிடம் வந்தான்.

"வாரும் வே. நீருதான் பந்து போடுதவரா? இப்பம் எந்த நாட்டுக்கு வெளாடுதீரு?"

"எந்த நாட்டுக்கும் இல்ல."

"லீக்குன்னு ஏதோ சொன்னாக?"

"அதும் இல்ல."

"அப்பம் எங்க அத்தான அங்கனயே கட்டிப்போட்டுட்டு நீரு என்னத்த வே சம்பாதிச்சீரு?"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நியாஸ் தலையைக் குனிந்துகொண்டான். இசக்கித்துரை கையை ஓங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி கவனிக்கப் போய்விட்டான்.

திரும்பிப் போகலாம் என்று படியில் இறங்கும்போது வள்ளித்தாய் வந்தாள். புதுச் சேலை, தலையில் பூ. பன்னிரண்டு நாளில் கன்னம் ஒட்டியிருந்தது.

"சாப்பிட்டுப் போங்க தம்பி."

"இல்லக்கா. பசிக்கல."

"பசிக்காட்டியும் உக்காருங்க. கூப்பிட்டவ நான்தான. சாப்பிடாமப் போனா என் மவளுக்கு நல்லதில்ல."

உட்கார்ந்தான். அவளே இலை போட்டாள். தரையில் குனிய வேண்டியிராமல் மேஜைப் பந்தி. அப்படியும் முதுகு நிமிரவில்லை. சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. பிசைந்தான். வாய்க்குப் போகவில்லை. அவள் எதிரில் நின்றுகொண்டே இருந்தாள்.

"நேத்து பேசினாக. கொரலே இல்ல. நெஞ்சுல சளி கட்டியிருக்கு. உங்க எடத்துக்கு இன்னும் ஆளு வரலியாமே. அவுக வேலையும் பாத்து, உங்க வேலையும் அவுகதான் பாக்காகளாம். மாட்டேன்னா கல்யாணத்துக்கு அப்புறமும் பாஸ்போர்ட்டு தரமாட்டேங்கானாம்."

"தெரியும்க்கா."

"அவுக எதையும் சொல்லிக்காட்ட மாட்டாக. கேட்டா, விடு, அவன் சின்னப் பயங்காக. எனக்கு அப்படி விட முடியல தம்பி. எத்தன ஷிப்டு நீங்க அவுகளுக்குத் தரணும்?"

நியாஸ் இலையைப் பார்த்தான். "நாப்பத்தொண்ணு."

"அது நீங்க வெளாடப் போனது. நீங்க வந்து நிக்கேன்னு சொன்ன வெள்ளிக்கிழமையில இருந்து?"

விரலை மடக்கினான். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். "இன்னைக்கோட பத்து."

"எப்பம் குடுப்பீய?"

அவனுக்கு அந்த நாட்டில் இப்போது விசா இல்லை, வேலை இல்லை, அணி இல்லை. பெட்டி தூக்க முதுகும் இல்லை. அவள் அடுத்த இலைக்குச் சோறு வரவில்லை என்று யாரையோ சத்தம் போட்டுக்கொண்டு நகர்ந்தாள்.

துரைப்பாண்டிக்கு நியாஸ் அகமது தர வேண்டிய பாக்கி ஐம்பத்தொரு ஷிப்டு.